வான்வழித் தூரம் – 8: பச்சாபாளையத்துத் தூக்குக்குண்டு

சென்ற வாரம் மங்களூர்க் கடற்கரையில் நிறுத்தியிருந்தோம்.

மதராசிலிருந்து மங்களூர் வரை தீபகற்பத்தின் அகலம் 400 மைல் என்றுதான் அதுவரை கிழக்கிந்தியக் கம்பெனியின் படங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. மலைக்கு மலை முக்கோணம் போட்டு நிலம் அளந்துகொண்டே போன கம்பெனி அளவைக்காரர் வில்லியம் லாம்ப்டனுக்குக் கிடைத்தது 360. நாற்பது மைல் அகலத்துக்குக் காகிதத்தில் மட்டும் நிலம் இருந்திருக்கிறது!

மதராஸ் துரைத்தனத்துக்கு இதில் மகிழ்ச்சி பாதி, எரிச்சல் பாதி. செலவுக் கணக்குப் பார்க்கும் கமிட்டியில் ஒருவர் கேட்ட கேள்வியையும் போன வாரமே பார்த்தோம். சீரங்கப்பட்டணம் போகிறவன் பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் ஊர்ப்பெயரைச் சொன்னால் போதாதா, அவன் கொண்டுபோய்ச் சேர்த்துவிட மாட்டானா, இதற்கு லாம்ப்டனின் படம் எதற்கு என்பது அவர் வாதம்.

அசட்டுக் கேள்வி போலத் தெரிகிறது. ஆனால் அன்றைக்கு நாட்டில் முக்கால்வாசிப் பேர் அவர் கட்சிதான். பயணம் செய்கிறவனுக்குத் தெரிய வேண்டியது எத்தனை நாள் ஆகும் என்பது. எத்தனை மைல் என்பது அவன் கவலையே இல்லை.

இந்த வாரம் லாம்ப்டன் நம் கொங்கு நாட்டுக்குள் வருகிறார்.

கோவை – டெல்லி

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு.

பீளமேட்டில் விமானம் ஏறி டெல்லியில் இறங்க ஏறத்தாழ மூன்று மணி நேரம். சீட்டில் புறப்படும் நேரம் இருக்கும், சேரும் நேரம் இருக்கும். தூரம் இருக்காது. கேட்பாரும் இல்லை. பல்லக்குக் கட்சிக்காரர் இன்றைக்கு இருந்திருந்தால் மிகவும் மகிழ்ந்திருப்பார்.

இந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் ஒரு விசேஷப் பொருத்தம் உண்டு. கோவை இருப்பது 77.04 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில். டெல்லி 77.10. ஒன்றுக்கு நேர் வடக்கே மற்றொன்று. ஆகவே வான்வழித் தூரத்தைக் கணக்கிட அட்சரேகை வித்தியாசம் ஒன்றே கிட்டத்தட்டப் போதும். அது பதினேழரைப் பாகை.

பூமியை அச்சுப் பிசகாத உருண்டை என்று வைத்துக்கொண்டு பெருக்கினால் 1,949 கிலோமீட்டர் வருகிறது. சரியான விடை 1,940.

நடுவில் எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் எங்கே போயிற்று? பூமி உருண்டையாக இல்லை. துருவங்களில் தட்டை, நடுவில் புடைப்பு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாகையின் நீளம் கொஞ்சம் குறைவு, துருவத்துக்குப் பக்கத்தில் அதிகம். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று தெரிந்தால்தான் 1,940 என்ற எண் பிறக்கும்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு மனிதன் பாதி ஆயுளைச் செலவிட்டான். அவன் கணக்கு முதன்முதலாகப் பெரிய சிக்கலில் மாட்டியது, தாராபுரத்துக்காரர்கள் பைக்கில் போய்வரும் தூரத்துக்குள்ளேயே இருக்கும் ஓர் ஊரில்.

நாழிகை வழி

1800ஆம் ஆண்டு. திப்பு சுல்தான் மாண்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. வெல்லெஸ்லி பிரபு அனுப்பிய பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர், புதிதாகக் கைக்கு வந்த சீமையில் என்ன விளைகிறது, என்ன விலை போகிறது என்று எழுதிக்கொண்டே மைசூரைச் சுற்றிவிட்டுக் கொங்கு நாட்டுக்கு இறங்கினார். ஈரோடு, காங்கேயம், தாராபுரம், பாலக்காடு என்று போகிறது அவர் பாதை. தாராபுரம் அடங்கிய தென்பகுதிக்கு அப்போது ஹர்டிஸ் என்பவர் கலெக்டர்.

புக்கானனின் நாட்குறிப்பில் எனக்குப் பிடித்த விஷயம் அவர் தூரத்தைக் குறிக்கும் முறை. தமிழ்ச் சீமைக்குள் வந்ததும் மைலை விட்டுவிடுகிறார். இத்தனை 'மலபார் மணி' நடந்தேன் என்று எழுத ஆரம்பிக்கிறார். வெள்ளைக்காரர்கள் அப்படிச் சொன்னது நம் நாழிகை வழியைத்தான்.

ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு நாழிகையில் ஒருவன் நடக்கும் தூரம் ஒரு நாழிகை வழி. மைலில் சொன்னால் ஒன்றரை மைல் அளவு. ஏழு நாழிகை வழி சேர்ந்தால் ஒரு காதம், ஏறத்தாழப் பத்து மைல். நாளுக்கு ஒரு காதம் என்று நடந்தால் தாராபுரத்திலிருந்து சென்னப்பட்டணம் போய்ச்சேர ஒரு மாதம். அவ்வளவுதான் கணக்கு.

இதை ஏளனம் செய்யத் தேவையில்லை. நாழிகை வழியில் ஒரு நேர்மை இருக்கிறது. செம்மண் தடத்தில் ஒரு நாழிகை, கரிசல் சேற்றில் இரண்டு நாழிகை என்றால் நடக்கிறவனுக்கு அது உண்மையிலேயே இரண்டு மடங்கு தூரம். அமராவதியில் தண்ணீர் பெருகிவிட்டால் அக்கரை பல நாள் பயணம். வடிந்த பிறகு கூப்பிடு தூரம். நிலம் அசையாமல் இருக்க, தூரம் மட்டும் பருவத்துக்குப் பருவம் நீண்டும் சுருங்கியும் வந்தது.

வியாபாரிக்கும் மாட்டுச் சந்தைக்குப் போகிறவருக்கும் இது போதும். படைக்குப் போதாது. தாராபுரம் கோட்டையைக் கம்பெனிப் படை 1783இல் பிடித்தது. 1790இல் மெடோஸ் தளபதி மறுபடி வந்து பிடித்தார். இரண்டு தடவையும் பீரங்கி இழுத்த மாடுகளின் வேகம்தான் அவர்களுக்கு அளவுகோல். எந்த ஊரிலிருந்து எந்த ஊர் எந்தத் திசையில் எவ்வளவு என்று நம்பகமான ஒரு படம் கையில் இல்லை.

நேரத்தோடு பின்னிக் கிடந்த தூரத்தைத் தனியே பிரித்து எடுக்க வேண்டும். யார் நடந்தாலும், எந்த மாதத்தில் நடந்தாலும் மாறாத ஓர் எண்ணாக அது நிற்க வேண்டும். லாம்ப்டன் கேட்டது அந்த வேலையைத்தான்.

கொடிகளோடு வந்தவர்கள்

1805 ஆடி மாதம், சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். அவர் பிறந்த மேலப்பாளையம் காங்கேயத்துக்குப் பக்கம். ஊர் ஊராக அந்தச் செய்தி ஆறாமல் கிடந்த காலம்.

அடுத்த வருஷம், 1806, அதே வட்டாரத்துக்குள் ஒரு கூட்டம் வருகிறது.

கூடாரங்கள், மாட்டு வண்டிகள், மூங்கில் கழிகளில் கட்டிய கொடிகள். ஆட்கள் தோள்கொடுத்துச் சுமந்து வரும் ஒரு பெரிய பெட்டி. உள்ளே அரை டன் எடையுள்ள பித்தளை யந்திரம். லண்டன் கேரி பட்டறையில் செய்தது, மூன்றடி விட்டமுள்ள வட்டம் கொண்டது. வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி, மொரீசியஸ் போய், அங்கிருந்த கவர்னரே மரியாதையோடு மதராசுக்கு அனுப்பிவைத்த தியோடலைட் இதுதான். நாலாம் பகுதியில் அந்தக் கதையைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

கூட்டத்தின் தலைவர் ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். அவரோடு மதராஸ் சர்வே பள்ளியில் பயின்று வந்த ஜோஷுவா டி பென்னிங் போன்ற இளைஞர்கள். அதற்கு மேல், எந்தப் புத்தகத்திலும் பெயர் ஏறாத கொடிக்காரர்கள், சங்கிலி பிடித்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள்.

வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததும் இதே 1806தான், ஜூலை 10. வெள்ளைக்காரன் ஒருவன் குன்றின் மேல் நின்று கொடியாட்டினால், யாருக்கு என்ன சைகை என்று இரு தரப்பும் பதறிய வருஷம். போதாக்குறைக்கு லாம்ப்டனின் தொலைநோக்கி எதையும் தலைகீழாகத்தான் காட்டும். அதன் வழியே வீட்டுப் பெண்களைத் தலைகீழாகப் பார்க்கிறான் என்று போன இடமெல்லாம் பேச்சு. கிளுவை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த குடியானவருக்கு, 'பூமியின் வடிவம் காண வந்திருக்கிறோம்' என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரா?

வரி போட அளக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். நினைத்ததில் தப்பும் இல்லை. பின்னாலேயே அதுவும் வந்தது.

எந்தப் பச்சாபாளையம்?

லாம்ப்டன் கூட்டம் அளக்க வந்த இடத்தின் பெயர் ஆங்கிலேயர் பதிவுகளில் படாத பாடு படுகிறது. 'புட்சபோலியம்' என்று படிக்கிற மாதிரி எழுதிவைத்திருக்கிறார்கள். நம் பச்சாபாளையம். அங்கே தரையில் அளந்த கோட்டைக் கோவை அடிக்கோடு என்றும் சொல்வதால், கோயமுத்தூர் நகரத்துக்குப் பக்கத்தில் தேடிப் போனால் கிடைக்காது. கோவை என்றது ஜில்லாவை.

கொங்கு நாட்டில் பச்சாபாளையங்கள் பல. சூலூர்ப் பக்கம் ஒன்று இருக்கிறது. எது என்று எப்படிச் சொல்வது?

லாம்ப்டனே வழி விட்டுப் போயிருக்கிறார். அவர் குறித்த அட்சரேகை 10 பாகை 59 கலை 48 விகலைச் சொச்சம். அவர் பிடித்து வந்த வடக்கு–தெற்குக் கோடு பெங்களூரின் தொட்டகுண்டாவிலிருந்து கிளம்புகிறது. இன்றைக்கு காக்ஸ் டவுன் பக்கம் இருக்கும் இடம் அது, தீர்க்கரேகை 77.6 பாகை அளவில். அந்தக் கோட்டிலேயே நேராகத் தெற்கே இரண்டு பாகை இறங்கினால் கோயமுத்தூர் எழுபது கிலோமீட்டர் போல மேற்கே தள்ளி நின்றுவிடும். வந்து சேர்வது காங்கேயம் வட்டாரம். அதே கோட்டைத் தெற்கே நீட்டுங்கள், தாராபுரத்துக்குக் கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் அமராவதியைக் கடந்து போகிறது. கடைசியில் கன்னியாகுமரிக்குச் சற்று வடக்கே புன்னை என்ற இடத்தில் முடிகிறது.

இந்த இடம் அவருக்கு ஏன் பிடித்தது என்பதை அங்கே போய் நின்றாலே புரிந்துகொள்ளலாம். கண்ணுக்கெட்டிய தூரம் மேய்ச்சல் காடு. கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள், காங்கேயம் மாடுகள். அடிக்கோடு அளக்கச் சமதரை வேண்டும், அது இருக்கிறது. முக்கோணத்துக்குத் தலை நீட்டிய குன்றுகள் வேண்டும். சிவன்மலை, சென்னிமலை, ஊதியூர் மலை என்று சுற்றிலும் அவையும் இருக்கின்றன. நெல்வயலும் தென்னந்தோப்புமான ஊரில் இந்த வேலை நடக்காது. வறண்ட நிலம் என்று நாம் சலித்துக்கொள்ளும் காட்டை அளவைக்காரன் தேடி வந்திருக்கிறான்.

சங்கிலி

முக்கோண அளவையில் கோணங்களைத் தூரத்திலிருந்தே பார்த்துக் குறிக்கலாம். ஆனால் ஏதாவது ஒரு பக்கத்தையாவது தரையில் தொட்டு அளந்தாக வேண்டும். அதுதான் அடிக்கோடு. பரங்கிமலையில் 1802இல் முதல் கோடு. பெங்களூரில் 1804இல் இரண்டாவது. மதராசிலிருந்து முக்கோணம் வழியாகக் கணக்கில் வந்த நீளத்துக்கும் பெங்களூரில் தரையில் அளந்த நீளத்துக்கும் வித்தியாசம் நாலு அங்குலத்துக்கும் குறைவு.

இப்போது மூன்றாவது, பச்சாபாளையம்.

சங்கிலி நூறு அடி. இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது. எஃகு. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போய், அவர் வேண்டாம் என்றதால் கல்கத்தாவில் விலைக்கு வந்த சங்கிலி. அதைத் தரையில் போட்டு இழுத்துவிட முடியாது. முக்காலிகள் மேல் மரத்தொட்டிகளை வரிசையாக வைத்து, திருகாணியால் ஏற்றி இறக்கி மட்டம் பிடித்து, தொட்டிக்குள் சங்கிலியைப் படுக்கவைக்க வேண்டும். தொட்டிக்குத் தொட்டி ஒரு வெப்பமானி.

வெப்பமானி எதற்கு? வெயில் ஏறினால் எஃகு நீளும். காலை ஆறு மணிக்கும் உச்சிப் பொழுதுக்கும் பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் நூறடிச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் நீண்டிருக்கும். ஒரு நகக்கண் அளவுதான். ஆனால் ஏழரை மைலுக்கு ஏறக்குறைய 400 தடவை சங்கிலி போட வேண்டும். கவனிக்காமல் விட்டால் முடிவில் ஒன்றரை மீட்டர் போல் பிழை சேர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் படுக்கவைக்கிறார்கள், பொறுக்கிறார்கள், வெப்பம் குறிக்கிறார்கள், முனையில் அடையாளம் வைக்கிறார்கள், பிறகு தூக்குகிறார்கள். பரங்கிமலையில் ஏழரை மைலுக்கு 57 நாள் பிடித்தது.

அதே ஏழரை மைலை ஊர்க்காரர் ஒருவர் ஐந்து நாழிகையில் நடந்துவிடுவார். சங்கிலிக் கூட்டத்தைப் பார்த்து அவர் என்ன நினைத்திருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா.

பகல் வேலை இவ்வளவுதான். சிக்கல் ராத்திரியில் வந்தது.

ஒரு விகலை, 31 மீட்டர்

தரையில் தூரம் தெரிந்துவிட்டது. ஒரு பாகைக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு முனையிலும் அட்சரேகை தெரிய வேண்டும். அதற்கு வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

செனித் செக்டர் என்று ஒரு கருவி. ஐந்தடி நீளத் தொலைநோக்கி, கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும். தெரிந்த ஒரு நட்சத்திரம் தலைக்கு நேர் மேலே கடந்து போகும்போது, உச்சியிலிருந்து எத்தனை விகலை வடக்கே, எத்தனை விகலை தெற்கே என்று இது காட்டும். ஒரே நட்சத்திரத்தைப் பெங்களூரிலும் பச்சாபாளையத்திலும் பார்த்தால், இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசமே இரண்டு ஊர்களுக்கும் உள்ள அட்சரேகை வித்தியாசம்.

எல்லாம் சரி. 'நேர் மேலே' எது என்று யார் சொல்வது?

அதைச் சொல்வது கொத்தனார் சுவர் பிடிக்கும் அதே சாமான், தூக்குக்குண்டு. மெல்லிய கம்பியில் ஒரு குண்டு. குண்டு தொங்கும் கோடுதான் செங்குத்து. அதை மேலே நீட்டினால் உச்சி.

இங்கே ஒரு சின்னப் பெருக்கல். ஒரு பாகை ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர். அறுபது கலை ஒரு பாகை, அறுபது விகலை ஒரு கலை. அப்படியானால் ஒரு விகலை தரையில் சுமார் 31 மீட்டர். லாம்ப்டன் தேடி வந்த வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? நம் பகுதியில், ஒரு பாகையைவிட அதற்கு வடக்கே இருக்கும் அடுத்த பாகை நீளமாக இருப்பது ஏழே ஏழு மீட்டர். நூற்றுப்பத்துக் கிலோமீட்டரில் ஏழு மீட்டர்! குண்டு ஒரு விகலையில் கால் பங்கு கோணினால் தேடியது அத்தனையும் தொலைந்து போகும்.

வடக்கே போகப் போகப் பாகை நீள வேண்டும். 1730களில் பிரெஞ்சுக்காரர்கள் பெருவுக்கும் லாப்லாந்துக்கும் ஆள் அனுப்பி அளந்து, பூமி துருவத்தில் தட்டை என்று முடிவு கட்டியாயிற்று. கொங்கு நாட்டில் அது பொய்க்க நியாயம் இல்லை.

ஆனால் தொட்டகுண்டாவையும் பச்சாபாளையத்தையும் இணைத்துப் போட்ட கணக்கு ஒழுங்காக வரவில்லை. கூட வேண்டிய விதத்தில் நீளம் கூடவில்லை. எண்கள் ஒன்றோடொன்று இசைய மறுத்தன.

சங்கிலியில் பிழையா? பெங்களூர் அடிக்கோட்டில் நாலு அங்குலத்துக்குள் ஒத்துப்போன சங்கிலி அது. கோணத்தில் பிழையா? ஒவ்வொரு கோணத்தையும் பலமுறை பார்த்திருக்கிறார்கள். மிச்சம் இருப்பது தூக்குக்குண்டு ஒன்றுதான்.

குண்டு கோணும் என்பது புதுச் செய்தி இல்லை. 1774இல் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையடியில் நெவில் மாஸ்கலின் சோதித்துக் காட்டியிருந்தார். மலை தன் எடையால் குண்டைத் தன் பக்கம் இழுக்கும். பச்சாபாளையத்திலிருந்து வடமேற்கே நீலகிரி, தெற்கே பழனி மலை, தென்மேற்கே ஆனைமலை. தாராபுரத்தில் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே பழனி மலையைப் பார்க்கிறோம். சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான் என்று எவருக்கும் தோன்றும்.

லாம்ப்டனின் சந்தேகம் போனது எதிர்ப்பக்கம், பெங்களூருக்கு. அங்கே பக்கத்தில் சொல்லும்படியான மலை இல்லை. பீடபூமி. மலையே இல்லாத இடத்தில் குண்டு கோணுமா? கோணும், தரைக்கடியில் கனமான ஏதோ கிடந்தால். கண்ணுக்குத் தெரிகிற மலையை விட்டுவிட்டு, தெரியாத பாறையின் மேல் பழி போட்டார் அவர்.

இந்த இடத்தில் நான் இரண்டு மனதாகத்தான் இருக்கிறேன். ஒத்துவராத எண்ணைத் தூக்கி எறிய ஒரு காரணம் கண்டுபிடிப்பது எந்தக் கணக்கனும் செய்யக்கூடியதுதான். ஆனால் லாம்ப்டன் தொட்டகுண்டா எண்ணை மறைக்கவில்லை. குண்டின் மேல்தான் சந்தேகம் என்றார். பச்சாபாளையத்தைத் தலைமுனையாக வைத்துக்கொண்டு தெற்கே புதிதாக அளக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். பின்னால் அவர் அச்சிட்ட கட்டுரையின் தலைப்பே இதைச் சொல்லும்: 8 பாகை 9 கலையிலிருந்து 10 பாகை 59 கலை வரை. புன்னையிலிருந்து பச்சாபாளையம். பெங்களூர் அதில் இல்லை.

இந்தியாவின் முதுகெலும்பு போல இமயம் வரை பின்னால் நீண்ட கோட்டில், நம்பகமான முதல் கண்ணி விழுந்தது காங்கேயத்து மேய்ச்சல் காட்டில் என்று இதை வைத்துச் சொல்லலாம்.

விமானியின் மைல்

கதையை முன்னே ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

லாம்ப்டன் 1823இல் இங்கன்காட்டில் இறந்தார். அவர் இடத்துக்கு வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், இந்தியக் கோட்டையும் பிற நாட்டு அளவுகளையும் சேர்த்து 1830இல் பூமிக்கு ஓர் உருவம் கொடுத்தார். நடுவில் ஆரம் 63,77,276 மீட்டர். இன்றைக்கு ஜிபிஎஸ் கருவிகளில் இருக்கும் எண் 63,78,137. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான வித்தியாசம்! உலக விமானப் போக்குவரத்து முழுவதும் 1998 ஜனவரி 1 முதல் இந்தப் புதிய எண்ணுக்கு மாறிற்று. இந்திய சர்வே படங்களில் எவரெஸ்டின் எண் அதற்குப் பிறகும் சில வருஷம் நீடித்தது.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா தபால் மூட்டையோடு கராச்சியிலிருந்து பம்பாய்க்கு வந்தார். அங்கே மூட்டையை வாங்கிக்கொண்டு நெவில் வின்சென்ட் பல்லாரி வழியாக மதராஸ் வந்தார். ஒற்றை எஞ்சின் புஸ் மாத் விமானம். ரேடியோ கிடையாது. கீழே தெரிகிற ஆற்றையும் ரயில் பாதையையும் படத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். படத்தில் நாற்பது மைல் கூடக் குறைய இருந்தால் பெட்ரோல் கணக்கு என்னாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்றைய விமானிக்கும் மைல் என்றால் கடல் மைல்தான். 1,852 மீட்டர். அது வந்ததே அட்சரேகையின் ஒரு கலையிலிருந்து. கோவையிலிருந்து டெல்லிக்கு 1,048 கடல் மைல் என்று அவர் சொல்லும்போது, லாம்ப்டன் ராத்திரி கண்விழித்துத் தேடிய பாகையும் கலையும்தான் அதில் இருக்கின்றன.

பயணியோ நாழிகை வழிக்கே திரும்பிவிட்டார். எங்கே போனாலும் எவ்வளவு நேரம் என்றுதான் கேட்கிறார். டெல்லி மூன்று மணி நேரம். பனிமூட்டம் என்றால் ஏழு மணி நேரம். அமராவதியில் தண்ணீர் பெருகின கதைதான்.

தஞ்சாவூர், 1808

பச்சாபாளையத்திலிருந்து நேரே தெற்கே இறங்கிப் புன்னைக்குப் போயிருந்தால் சந்தேகம் சீக்கிரம் தீர்ந்திருக்கும். ஆனால் கம்பெனிக்குக் கரைக்குக் கரை குறுக்குக் கோடும் வேண்டியிருந்தது. லாம்ப்டன் கிழக்கே திரும்பினார். கொங்கு நாட்டுக் குன்றுகள் ஒவ்வொன்றாகப் பின்தங்கின. காவிரிப் படுகை வந்தது.

அங்கே குன்று இல்லை. வயல், வாய்க்கால், தென்னை. தொலைநோக்கியை எங்கே வைத்தாலும் தென்னந்தலை மறைக்கும். பத்து மைலுக்கு அப்பால் ஒரு கொடியைப் பார்க்க வழியில்லை.

ஆனால் குன்றுக்குப் பதிலாக வேறு ஒன்று இருந்தது. ராஜராஜன் கட்டிவைத்தது, இருநூறு அடிக்கு மேல்.

பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்குத் தியோடலைட்டை ஏற்றிவிட்டால் சோழ நாடு முழுவதும் கண்ணுக்குக் கீழே. அரை டன் பித்தளையைத் தோளில் சுமந்து ஏற முடியாது. கப்பி கட்டினார்கள், வடம் கட்டினார்கள், பெட்டி சுவரில் மோதாமல் இருக்கப் பக்கவாட்டில் இழுகயிறு கட்டினார்கள். 1808இல் ஒரு நாள், கீழே ஆட்கள் இழுக்க, பெட்டி மெல்ல மேலே கிளம்பியது.

இந்தியாவில் இதற்கு ஈடான இன்னொரு கருவி லாம்ப்டன் கையில் இல்லை. லண்டனிலிருந்து வேறொன்று வரவழைத்தால் வருஷக்கணக்காகும். அதற்குள் பல்லக்குக் கட்சிக்காரர்கள் வேலையையே நிறுத்திவிடக்கூடும்.

பாதி உயரத்தில் இழுகயிறு அறுந்தது. பெட்டி ஊசலாடிப் போய்க் கருங்கல் சுவரில் மோதியது.

கீழே இறக்கித் திறந்து பார்த்தார்கள். விகலையைப் பிரித்துக் காட்ட வேண்டிய அந்த மூன்றடி வட்டம் நெளிந்து கிடந்தது. நெளிந்த வட்டத்தை வைத்துக்கொண்டு பச்சாபாளையத்துச் சந்தேகத்தை லாம்ப்டன் எப்படித் தீர்க்கப் போகிறார்?

(அடுத்த வாரம்)